பொருள்: பேய்களைப் பணியிலிருந்து விடுவித்தல்

ஏழு பேய்களும் உயர வரிசைப்படி நின்றிருந்தன. முதலில் கல்யாணப் பெண் பேய். அடுத்து நர்ஸ் பேய். கடைசியில் கழுத்தறுபட்ட வெள்ளைக்காரத் துரை. எட்டாவது பேயான நான் பிணம் என்பதால் எனக்கு மட்டும் உட்கார நாற்காலி கொடுத்திருந்தார்கள். நாற்காலியும் என் கடை நாற்காலிதான்.

எதிரே என் அக்கா சரோஜா மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் டைப் அடித்த காகிதங்கள். மாலை நாலரை மணி இருக்கும். ரங்கூனில், அலோன் பேட்டை ஆற்றோரத்துப் பழைய பயறு கிடங்கில் தூசும் சாக்கு வாடையும் ரோஸ் பவுடர் வாடையும் கலந்து மூக்கை அரித்தன. பிணம் தும்மக் கூடாது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"துரை, கழுத்த நேரா வச்சு நில்லுங்க. ஆபீஸ் லெட்டர் படிக்கறப்ப இப்படியா நிப்பாங்க?" என்றாள் அக்கா.

துரை சட்டென்று நிமிர்ந்து நின்றார். கழுத்திலிருந்து சிவப்பு மெழுகு ஒரு துண்டு பெயர்ந்து கீழே விழுந்தது.

தொழில் சுத்தம்

போன வாரம் இந்தப் பத்தியில் கருமாதிப் பாத்திரங்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, காலையில் இட்லி இறங்கவில்லை என்று ஓர் அம்மாள் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். என்ன செய்வது? லான்மடாவில் நாற்காலி, அண்டா, பந்தல் துணி வாடகைக்கு விடுகிறவன் வேறு எதைப் பற்றி எழுதுவான்? மணமேடையில் உட்கார்ந்தவரும் பாடையில் படுத்தவரும் எனக்கு வாடிக்கையாளர்களே. இருவரில் பின்னவர்தான் புகார் சொல்வதில்லை.

எனக்குப் பேய் என்றால் உயிர். சின்ன வயதில் வீடியோ கொட்டகைகளில் பேய்ப் படம் போட்டால் முதல் பலகை என்னுடையது. பக்கத்துப் பலகையில் அக்கா. நான் கண்ணை மூடிக்கொள்வேன், அவள் மூடமாட்டாள். என்ன நடக்கிறது என்று காதில் சொல்லிக்கொண்டே வருவாள். "இப்பக் கிணத்துலேர்ந்து கை வருதுடா. மோதிரம் போட்டிருக்கு. நல்ல மோதிரம்." பாதிப் படங்களை நான் அவள் வாயால்தான் பார்த்தேன்.

ஆகவே, சில வருஷங்களாக ரங்கூன் இளசுகள் அக்டோபர் கடைசியில் மேல்நாட்டுப் பேய்த் திருநாள் என்று முகத்தில் ரத்தம் பூசிக்கொண்டு காப்பிக் கடைகளுக்குக் கிளம்பியபோது, ஊரில் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் அடித்துக்கொள்ளவில்லை. பர்மியர்களின் தடிஞ்சுப் பண்டிகை விளக்கு இப்போதுதான் அணைந்தது, தீபாவளி விளக்கு ஏற்ற வேண்டும், இரண்டுக்கும் நடுவில் பேய்க்கும் ஒரு பண்டிகை இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன்.

இருட்டு இலவசம்

காப்பிக் கடை நடத்தும் கோ ஸோ என்ற பர்மியப் பையன் ஒரு நாள் கடைக்கு வந்தான். பையன் என்றாலும் முப்பத்தைந்து வயது, மீசை உண்டு. மூன்று நாள் பேய் வீடு நடத்தப் போகிறானாம். கறுப்புத் துணி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான். துக்க வீட்டுத் துணி எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தேன். சவப்பெட்டி வைக்கும் மரக்கால்கள் வேண்டுமா என்று நானாகவே கேட்டேன். அவன் கண் கலங்கிவிட்டது.

ராத்திரியில் பேய் வீடு நடத்துகிற காலம் இது இல்லை. எல்லோரும் நேரத்தோடு வீடு போய்ச் சேர வேண்டும். அதனால் பகல் ஒரு மணிக்குத் திறந்து ஐந்துக்கு மூடுவது என்று ஏற்பாடு. பகலில் எப்படிப் பயப்படுவார்கள் என்று நான் கேட்டதற்குக் கோ ஸோ சிரித்தான். ஜன்னல் இல்லாத கிடங்கு, மதியம் முழுக்கக் கரண்ட் இல்லாத பேட்டை. இந்த ஊரில் இருட்டை யாரும் செலவு செய்து உண்டாக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பேய்க்கும் ஒரு டார்ச், அவ்வளவுதான்.

பிணமாக நடிக்க ஒப்புக்கொண்டவர் முதல் நாளே வரவில்லை. கோ ஸோ என்னை ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. ஐந்தே நிமிஷத்தில் நான் வெள்ளைத் துணிக்குள் உட்கார்ந்திருந்தேன். ஆள் நெருங்கியதும் மெதுவாகத் தலையைத் திருப்ப வேண்டும், அதுதான் வேடம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அலறின. காதலனோடு வந்த ஒருத்தி என்னைக் கைப்பையால் மண்டையில் அடித்தாள். நம் ஆட்களிடம்தான் என் பருப்பு வேகவில்லை. பூக்கடை மாமி ஒருத்தி டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டு, "முருகேசா, வெள்ளிக்கெழம நாற்காலி இருக்கா?" என்றாள்.

"எத்தனை வேணும் மாமி?" என்றேன். பிணமாக இருந்தாலும் தொழில் தொழில்தானே.

துரை வேஷம் போட்ட ஸ்டான்லி எங்கள் தெருக்காரர், மாதா கோயில் பாட்டுக் குழுவில் கனத்த குரல். மறுநாளைக்கு மறுநாள் கல்லறைத் திருநாள், மெழுகுவத்தி வாங்க வேண்டும் என்று கவலைப்பட்டுக்கொண்டே ஜனங்களைப் பயமுறுத்தினார்.

என் வாய்

இரண்டாம் நாள் மூடும் நேரத்தில் கல்யாணப் பெண் பேயும் நர்ஸ் பேயும் நாளைக்கு வரமாட்டோம் என்றார்கள். நாள் முழுக்கச் செத்தவளாக இருந்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போனால், நிஜமான ஏதாவது கூடவே வந்துவிடாதா என்று அவர்களுடைய அம்மாக்கள் கேட்கிறார்களாம். மற்ற பேய்களும் மெல்லத் தலையாட்டின. பேய்களுக்குப் பேய்ப் பயம் வந்துவிட்டது.

கோ ஸோ கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் நர்ஸ்தான் வழி சொன்னாள். விடுவிப்புக் கடிதம் கொடுத்தால் வருவோம் என்றாள்.

இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால், அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவருவார்கள். "உங்களை இன்று முதல் பணியிலிருந்து விடுவிக்கிறோம், நீங்கள் போகலாம்" என்று எழுதியிருக்கும். இறந்தவர் காது கேட்கப் பெயர் சொல்லிப் படிப்பார்கள். படிக்காவிட்டால் ஆவி நாற்காலியை விட்டு எழுந்திருக்காதாம். உயிரோடு இருந்தபோது ஒரு கையெழுத்தில்லாமல் அசையாதவர் செத்த பிறகு மட்டும் தானாக அசைவாரா? எனக்கு இது மிகவும் நியாயமாகவே பட்டது.

"அந்தக் கடிதம் எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியாதே," என்றான் கோ ஸோ.

"எங்க அக்காகிட்ட நிஜமான கடிதமே ஒண்ணு இருக்கு," என்றேன் நான்.

சொல்லி முடித்தவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மற்ற ஏழு பேய்களும் நன்றியோடு என்னைப் பார்த்தன.

பெயர் சொல்லாதவள்

அத்தான் தர்மலிங்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர். வேலைப் பதிவில் அவர் பெயர் ஊ துன் லின். நம் ஆட்கள் பலரையும் போல வீட்டுக்கு ஒரு பெயர், வெளிக்கு ஒரு பெயர். ஓய்வுபெறச் சில மாதங்கள் இருக்கும்போது ஒரு காலையில் ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவர், அப்படியே போய்விட்டார்.

கடிதம் கொண்டுவந்தவர் மழையில் மாட்டி, நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகுதான் வந்தார். உறையை அக்கா கையில் கொடுத்து, "படத்துக்கு முன்னாடி நின்னு நீங்களே பேர் சொல்லிப் படிச்சிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேதான் சிக்கல். முப்பது வருஷக் குடித்தனத்தில் அக்கா புருஷன் பெயரைச் சொன்னதே கிடையாது. "ஏங்க", "இந்தாங்க", மகள் பிறந்த பிறகு "சுமதி அப்பா". வாக்காளர் பட்டியல்காரர் வந்தால்கூட என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வாள்.

உறவுக்காரர்கள் கூடி விவாதித்தார்கள். பர்மாப் பெயர்தானே, அது சர்க்காருக்காக வைத்தது, சொன்னால் தோஷமில்லை என்றது ஒரு கட்சி. எந்தப் பாஷையில் இருந்தாலும் புருஷன் பெயர் புருஷன் பெயர்தான் என்றது இன்னொரு கட்சி. நான் படிக்கிறேன் என்று முன்வந்தேன்.

"என் கையில குடுத்தாங்க. படிச்சா நான்தான் படிக்கணும்," என்றாள் அக்கா. உறையைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவளுக்குப் பெயர் சொல்லக் கூச்சம் என்று மற்றவர்கள் நம்பினார்கள். நான் நம்பவில்லை. கிணற்றிலிருந்து கை வந்தாலும் கண்ணை மூடாதவள் அவள். படித்துவிட்டால் அவர் போய்விடுவார், அதற்காகத்தான் படிக்கவில்லை.

தினமும் சாயங்காலம் இரண்டு கிளாஸ் டீ ஊற்றுவாள். அவர் சாய்வு நாற்காலியில் என்னை உட்கார விடமாட்டாள். தண்ணீர் மோட்டார் ஸ்விட்சைத் தொடமாட்டாள், ஏனென்றால் அது அவர் வேலை. கரண்ட் வந்ததும் பேட்டை முழுக்க "மீ லா பி", விளக்கு வந்துவிட்டது என்று ஒரு கூச்சல் எழும்பும். அத்தான் சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் பாதியில் எழுந்து ஓடுவார். கட்டடத்தில் முதலில் மோட்டார் போட்டவனுக்குத்தான் தண்ணீர். அவர் போன பிறகு நான் இரண்டு தெரு தாண்டி ஓடிப் போய்ப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் போவதற்குள் பாதி நாள் குழாயில் காற்றுதான் வரும்.

மேல்மாடி டோ கின் வேறு, மாடிப்படியில் ஊ துன் லின் இருமுகிற சத்தம் கேட்டதாகச் சொல்லிவைத்தாள். அன்று முழுக்க அக்கா முகத்தில் சிரிப்பு. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பேய் எனக்குப் பிடிக்கும். என் அக்காவைச் சாப்பிடவிடாமல் வீட்டோடு உட்கார்த்திவைக்கிற பேய் எனக்குப் பிடிக்கவில்லை, அது என் அத்தானாகவே இருந்தாலும்.

இதற்கிடையில் பினாங்கில் இருக்கும் சுமதிக்கு மார்கழியில் பிரசவம். தலைப்பிரசவம். அம்மா வந்து பக்கத்தில் இருந்தால் போதும் என்று போனில் தினமும் அழுதாள். அக்கா அசைந்து கொடுக்கவில்லை. "நான் வந்துட்டா இங்க அவரு தனியாக் கெடப்பாரே" என்பதே பதில். மகள் அந்தப் பக்கம் அழுவாள், இவள் இந்தப் பக்கம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு இருவர் மேலும் கோபம் வரும். அத்தான் மேலும்தான்.

முறையாக ஒரு கடிதம்

அன்று சாயங்காலம் பயந்துகொண்டேதான் அக்கா வீட்டுக்குப் போனேன். பேய்களின் கோரிக்கையைச் சொன்னேன். துடைப்பம் வரும் என்று எதிர்பார்த்துக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

"யாரு கையெழுத்துப் போடறது?" என்று கேட்டாள்.

"கோ ஸோ."

"அவன் எந்த ஆபீஸருடா? சீல் இருக்கா?"

"சீலா? காப்பிக்கடை சீல் ஒண்ணு வச்சிருக்கான்னு நெனைக்கறேன்."

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். அவள் கோர்ட்டு வாசலில் பர்மிய டைப் மெஷினோடு இருபது வருஷம் மனு அடித்தவள். இப்போது கரண்ட் இல்லாமல் பிரிண்டர் படுத்துவிடுவதால் அவளுக்கு மறுபடி கிராக்கி. முறை தவறிய காகிதத்தைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

"எண் வேணும். பொருள் வேணும். எப்பலேர்ந்து எப்ப வரைக்கும்னு வேணும். சும்மா போ போன்னு எழுதினா பேய் போயிடுமா?" என்றாள். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள்.

உறையை அவள் பிரித்தபோது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு தடவை படித்தாள், வாய் திறக்காமல்.

"எண் போட எடத்த விட்டுட்டு எண்ணே போடலை," என்றாள். "இத வச்சுக்கிட்டு அவரு எப்படிப் போவாரு? ஸ்டோர்ல ஒரு ஆணி குடுக்கறதுக்குக்கூட நம்பர் கேட்ட மனுசன்."

அவள் குரல் உடைந்ததை நான் கவனிக்காதது போல இருந்தேன். அப்போது ஏதாவது சொல்லியிருந்தால் உறை மறுபடி புடவைக்கு அடியில் போயிருக்கும். ஜென்மத்தில் ஒரு தடவை என் வாய் எனக்கு அடங்கி நடந்தது.

டைப் மெஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டேன். எட்டு முறை காகிதம் செருகினாள். நான் எழுந்து கிளம்பிய பிறகும் மாடிப்படி வரை அந்தத் தட்டல் சத்தம் கேட்டது. மிச்சம் ஏதாவது பிழை திருத்துகிறாள் என்று நினைத்தேன்.

மறுபடி கிடங்கில்

கடைசி நாள் நாலரை மணிக்கு அவளே நேரில் வந்துவிட்டாள். படிக்கத் தெரியாதவன் கையில் கொடுத்தால் காகிதம் வீண் என்றாள். அப்படித்தான் ஏழு பேய்கள் உயர வரிசைப்படி நிற்க, நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"எண் ஏழு," என்று பர்மிய பாஷையில் கணீரென்று படித்தாள். "பொருள்: கழுத்தறுபட்ட வெள்ளைக்காரத் துரையைப் பணியிலிருந்து விடுவித்தல். மேற்படி துரை இக்கிடங்கில் மூன்று நாட்கள் ஆற்றிய பேய்ப் பணியிலிருந்து இன்று மாலை ஐந்து மணியோடு விடுவிக்கப்படுகிறார். அவர் யாருடைய வீட்டுக்கும் கூடப் போகக் கூடாது. தாம் விரும்பும் நல்ல இடத்துக்குப் போகத் தடையில்லை."

ஸ்டான்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கல்யாணப் பெண் பேய் தன் கடிதத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். எட்டாவது என்னுடையது. "பிணம் தம் பணியின்போது பலமுறை சிரித்ததாகத் தெரிகிறது, எனினும் மன்னித்து விடுவிக்கப்படுகிறது" என்று இருந்தது. எல்லாப் பேய்களும் சிரித்தன.

நான் எழுந்திருக்கப் போனேன். அக்கா கையில் இன்னொரு காகிதம் இருந்தது.

"எண் ஒன்பது," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "பொருள்: ஸ்டோர் கீப்பர் ஊ துன் லின்னைப் பணியிலிருந்து விடுவித்தல்."

சிரிப்பு நின்றது. அந்தப் பெயர் கொண்டவர் யாரென்று ஸ்டான்லிக்குத் தெரியும். அவர் தொப்பியைக் கழற்றினார், அதோடு முடியும் கழன்று வந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் நின்ற விதத்தைப் பார்த்து எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"ஊ துன் லின்," என்று மறுபடி படித்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். நான் துணிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்கிற தர்மலிங்கம்," என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. புதுப்பெண் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். முகத்தில் பூசிய சுண்ணாம்பு கரைந்து வாய்க்குள் போனது.

மீதியை நிதானமாகப் படித்தாள். "மேற்படியார் தம் அலுவலகத்திலும் வீட்டிலும் ஆற்றிய எல்லாப் பணிகளிலிருந்தும் இன்று முதல் விடுவிக்கப்படுகிறார். தாம் விரும்பும் நல்ல இடத்துக்குப் போகத் தடையில்லை."

அவள் கடைசிச் சொல்லைச் சொல்லி வாயை மூடினாள். கரண்ட் வந்தது.

கிடங்கின் உயரத்தில் இருந்த பழைய குழல் விளக்குகள் படபடவென்று எரிந்தன. வெளியே அலோன் முழுக்க "மீ லா பி" என்று கூச்சல். அடுத்த நொடி பேய்கள் ஓடின. கல்யாணப் பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள், நர்ஸ் சோறு வைக்க வேண்டும் என்று ஓடினாள், துரை லோங்ஜியை மடித்துக் கட்டிக்கொண்டு கடிதத்தைப் பல்லில் கடித்தபடி ஓடினார். கோ ஸோவும் ஓடிவிட்டான். எல்லார் வீட்டிலும் மோட்டார் இருக்கிறதே.

வெளிச்சத்தில் அந்த இடம் வெறும் பயறு கிடங்காக இருந்தது. நானும் அக்காவும் மட்டும் நின்றோம். அவள் காகிதத்தை நாலாக மடித்தாள்.

"லைட் வந்தப்ப அவரு எங்கடா நிப்பாரு," என்றாள். "ஓடியிருப்பாரு."

"ஆமாக்கா."

"நீ மூஞ்சியக் கழுவு. ரோட்டுல நாய் தொரத்தும்."

முகத்தைக் கழுவாமலேதான் அவளோடு நடந்தேன். அவள் அவ்வளவு வேகம். லான்மடாவ் வந்து, நாலு மாடி ஏறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போனாள். மோட்டார் ஸ்விட்சைத் தட்டினாள். குழாய் இரண்டு தடவை செருமியது, பிறகு தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

"போன சார்ஜ்ல போடு. சுமதிகிட்டப் பேசணும். எந்தத் தேதிக்கு டிக்கெட் போடறதுன்னு கேக்கணும்," என்றாள்.

மேல்மாடியில் கதவு திறந்தது. டோ கின் மாடிப்படியில் தலையை நீட்டி, பயமும் ஆசையுமாக, பழைய வழக்கப்படி குரல் கொடுத்தாள். "மோட்டார் போட்டது யாரு? ஊ துன் லின்னா?"

அக்கா வாசலுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு ரிலீவ் ஆயிட்டாரு," என்றாள். "நான்தான் போட்டேன்."